பெரட்டு நேரத்துக்கு வாருங்கள்: சுங்கை சிப்புட் பயணக் குறிப்புகள்

வியாழன், மாலை

பழைய ரப்பர்த் தோட்டத்து வாழ்க்கையைத் தோட்டத்து ஆட்களே வெளியாட்களுக்குக் காட்டும் பயணம் ஒன்றின் குறிப்புகள் இவை. கோலாலம்பூரிலிருந்து ஈடிஎஸ் மின்சார ரயிலில் வடக்கே வந்தால் ஈப்போவுக்கு அடுத்த நிறுத்தம் சுங்கை சிப்புட். எல்லா வண்டியும் இங்கே நிற்பதில்லை, டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். தவறினால் ஈப்போவில் இறங்கி 30 கிலோமீட்டர் சடக்கு (சாலை) வழியாக வர வேண்டியதுதான். நிலையத்திலிருந்து தோட்டத்துக்குப் பேருந்து கிடையாது. அழைப்பவர்களே வேன் அனுப்புகிறார்கள். அது பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன், அதனால் பகல் 12 முதல் 2 வரை கிடைக்காது. வருகிறவர்களில் சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். பிள்ளைகளை நடுரோட்டில் நிறுத்திவிட்டு விருந்தாளியை ஏற்றினால்தான் அது குறை.

ஊரைப் பற்றிச் சுருக்கமாக. பேராக் மாநிலம், கோலாகங்சார் மாவட்டம். சுற்றிலும் ஒரு காலத்தில் கித்தா (ரப்பர்), இப்போது பெரும்பாலும் செம்பனை (எண்ணெய்ப் பனை). 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் போராளிகளை ஒடுக்க ஆங்கிலேய அரசு அறிவித்து, 1960 வரை நீண்ட அவசரகாலத்துக்கு அதுதான் தொடக்கம். மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1919இல் பிறந்த ஊரும் இதுதான். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்க, தொழிலாளிக்கு வேலையும் வீடும் ஒரே நாளில் போன காலம் அது. 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் 10 வெள்ளி (அன்றைய மலாயா டாலர்) என்று தொழிலாளிகளிடமே திரட்டித் தோட்டம் வாங்க வைத்தார் சம்பந்தன். இங்கே யாரிடம் பேசினாலும் பேச்சு அந்தப் பத்து வெள்ளியில் வந்து நிற்கும்.

இனி ஏற்பாடு. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இன்னும் குடியிருப்பவர்களும், தாமானுக்கு (ஊர்க் குடியிருப்புக்கு) குடிபோய்விட்ட பழைய தோட்டத்துக் குடும்பங்களும் சேர்ந்து வெளியாட்களுக்குத் தோட்டப்புற வாழ்க்கையைக் காட்டுகிறார்கள். தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நிர்வாகத்தின் அனுமதி குழுவுக்குக் குழு தனித்தனியாக வாங்கப்படுகிறது. சொல்லாமல் கொள்ளாமல் கார் ஓட்டிக்கொண்டு வருகிறவர்களால் முதலில் கெடுவது அந்த அனுமதிதான்.

ஒரு குழுவுக்கு 12 பேர். ஒரு வேனில் ஏறக்கூடியது அவ்வளவு, லயத்துத் திண்ணையில் உட்காரக்கூடியதும் அவ்வளவு. அனுமதிக் கடிதத்தில் வருகிறவர் பெயர், அடையாள அட்டை எண், நுழையும் நேரம், வெளியேறும் நேரம், எந்த எந்த நிரை (ஓர் ஆளுக்குப் பிரித்துக் கொடுத்த மரவரிசை), எந்தச் சடக்கு என்பது வரை இருக்க வேண்டும். மருந்தடிக்கும் நாளையும் உரம் போடும் நாளையும் கிராணியிடம் (தோட்டத்துக் கணக்கரிடம்) முன்கூட்டியே கேட்டுத் தவிர்க்க வேண்டும். பலருக்குத் தெரியாத இன்னொன்று: 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி, உரிமம் இல்லாதவர் காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டியாக நடக்க முடியாது. அதனால் உரிமம் உள்ள வழிகாட்டி ஒருவர் குழுவோடு வருகிறார். தோட்டத்து ஆட்கள் தங்கள் தொழிலைக் காட்டுகிறார்கள், கதை சொல்கிறார்கள். வழிகாட்டி மைக்கைப் பிடித்துக்கொண்டால் தாத்தாமார் வாயை மூடிக்கொள்வார்கள். நல்ல வழிகாட்டி சடக்கைக் கடக்கும்போது மட்டும் பேசுகிறார்.

தங்குவது ஊரில், தோட்டத்தில் இல்லை. விருந்தாளியை வீட்டில் தங்கவைக்கும் ஹோம்ஸ்தே திட்டம் இந்த நாட்டில் 1995இல் பகாங் தெமெர்லோ பக்கம் டேசா முர்னியில் தொடங்கியது. அது கம்பத்து (கிராமத்து) வீட்டுக்காரர்களுக்குப் பொருந்தும், வீடு அவர்களுடையது. லயம் கம்பெனியின் சொத்து. குடியிருக்கிறவர் தன் வீட்டுத் திண்ணையில் ஒருவரைப் படுக்க வைக்கவும் அனுமதி கேட்க வேண்டும்.

நாளைக் காலை 5:15க்கு வேன்.

வெள்ளி

9 மணிக்கு வருகிறோம், மரம் வெட்டி, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்து, காட்டுங்கள் என்று கேட்பவர்களுக்கு இங்கே ஒரே பதில்தான்: அந்த நேரத்துக்கு வந்தால் வாளி கழுவுவதைப் பார்க்கலாம். இரவெல்லாம் மரம் நீர் இழுத்து, பட்டைக்குள் அழுத்தம் ஏறி நிற்பது விடியலில். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் போய் அழுத்தம் தளரும், பாலும் சீக்கிரம் நின்றுவிடும். பெரட்டு, அதாவது ஆளை எண்ணி வேலை பிரித்துக் கொடுக்கும் காலைக் கூட்டம், இருட்டில் நடந்ததற்குக் காரணம் மரம்தான். துரையின் கண்டிப்பு அதற்கு மேல் வந்து சேர்ந்தது.

பெரட்டுக் களத்தில் ஐந்து நிமிடம் நிறுத்துகிறார்கள். கிராணி செக்ரோல் (ஆள்வரவுப் பட்டியல்) வாசிப்பது, தண்டல் (மேற்பார்வையாளர்) ஆளை எண்ணி நிரை பிரித்துக் கொடுப்பது, தாமதமாக வந்தவர் திரும்பிப் போவது எல்லாம் வாயால் சொல்லப்படுகிறது. நடித்துக் காட்டுவதில்லை. வருகிறவர்களில் ஒருவருக்குத் துரைத் தொப்பி மாட்டி, தோட்டத்து ஆட்களை வரிசையில் நிற்க வைத்துப் படம் எடுக்கலாம் என்று ஒரு பயண ஏற்பாட்டாளர் யோசனை சொன்னாராம். மறுத்துவிட்டார்கள். மறுத்தது சரி. அந்த வரிசையில் நின்றவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

பிறகு நிரைக்குள். தலையில் விளக்கு, முழுக்கை சட்டை, காலுக்கு பூட்ஸ். வெட்டு இப்படி நடக்கிறது. முதலில் பழைய வெட்டுக் கோட்டின் மேல் நாடாவாகக் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை ஒரு முனையில் பிடித்து ஒரே இழுப்பில் உரித்துப் பையில் போடுகிறார்கள். மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) முந்தின தடவை சொட்டி உறைந்த கட்டியும் அதே பைக்குள். மங்கைத் துடைத்து ஓரமாக வைத்துவிட்டு, உளியை இடது மேல் முனையில் வைத்து வலது கீழ் நோக்கி, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில், சிறு சிறு இழுப்புகளாக இழுக்கிறார்கள். கோடு மரத்தின் பாதிச் சுற்றளவோடு நிற்கும். சீவல் தகரப் பீலியில் விழாமல் விரலால் தட்டிவிடுகிறார்கள், விழுந்தால் பால் வழி மாறும். கடைசியில்தான் மங்கு பீலிக்குக் கீழே போகிறது. பழகிய கைக்கு ஒரு மரம் அரை நிமிடம்கூட இல்லை. அப்படிப் போனால்தான் ஒரு நிரையில் நிற்கும் 400, 500 மரமும் வெயிலுக்கு முன் முடியும்.

ஏன் இடமிருந்து வலம்? பால் குழாய்கள் பட்டைக்குள் நேர் செங்குத்தாக ஏறுவதில்லை, லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடது மேலிருந்து வலது கீழே வெட்டினால் அதே நீளத்தில் கூடுதலான குழாய் அறுபடும். தாத்தா ஒருவரிடம் கேட்டதற்கு, "அப்பிடி வெட்டுனாத்தான் பால் வரும், மாத்தி வெட்டுனா தண்டல் வருவாரு" என்றார். இரண்டும் உண்மை.

ஆழம்தான் தொழில். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மெல்லிய படலம் ஒன்று உண்டு, மரம் தடிப்பது அதனால்தான். பால் குழாய் மிகுதியாக இருப்பது அந்தப் படலத்தை ஒட்டிய பட்டையில். மேலாக வெட்டினால் மங்கு நிறையாது, படலத்தைத் தொட்டால் மரம் காயப்படும். அதனால் ஒரு மில்லிமீட்டர் மிச்சம் வைத்து உளி நிற்க வேண்டும். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக ஏறும்; பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே முகத்துக்கு (மரத்தின் வெட்டுப் பக்கத்துக்கு) திரும்பும்போது உளி ஓடாது. கீழ்நோக்கிச் சீவும் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால் ஆண்டுக்கு 20 முதல் 25 சென்டிமீட்டர் பட்டை தீரும். ஓர் ஆள் இரண்டு மில்லிமீட்டராகச் சீவினால் மரத்தின் ஆயுளில் பல ஆண்டுகளை உளி முனையில் தின்றுவிடுகிறார்.

இதனால்தான் பால் கொடுக்கும் மரத்தில் விருந்தாளி கையில் உளியைக் கொடுப்பதில்லை. மறுநடவுக்குக் குறித்த கிழட்டு மரங்களில் மூன்றை ஒதுக்கியிருக்கிறார்கள், ஆசைப்படுகிறவர்கள் அங்கே வெட்டலாம். வேறு இடங்களில் செய்யும் தவறு, எல்லாரையும் ஒரே நல்ல மரத்தில் வெட்டச் சொல்வது. பன்னிரண்டு பேர் கை வைத்த முகம் ஒரே காலையில் முடிந்துவிடும். உளியும் கவனிக்க வேண்டியது: மழுங்கிய உளி பட்டையை நசுக்கும், நசுங்கிய குழாயில் பால் அடைபடும், ஆள் இன்னும் அழுத்துவார், உளி உள்ளே போகும். குழு வருவதற்கு முந்தின இரவே தீட்டி வைக்கிறார்கள்.

இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. நனைந்த பட்டையில் பால் கோட்டை விட்டு மரம் முழுக்க வழிந்து வீணாகும். பார்க்க வந்தவர்களுக்காக ஒரு மரம் மட்டும் வெட்டலாமே என்று கேட்பார்கள், வெட்டுவதில்லை. அன்றைக்குச் செம்பனைப் பக்கம் கூட்டிப்போய்க் கட்டணத்தில் வெட்டுப் பங்கைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். இது பதிவு செய்யும்போதே எழுத்தில் இருக்கிறது, வாய்த் தகராறு வருவதில்லை.

10 மணிக்குப் பால் எடுப்பு. வாளிகளைக் காண்டாவில் (காவடித் தடியில்) மாட்டித் தோளில் வைத்து நடக்கும் நடையை மட்டும் யாராலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்பற்ற முடிவதில்லை. நிறுவையடியில் பாலின் எடையோடு, அதில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக் மிதவையையும் விட்டுக் காட்டுகிறார்கள். மரத்திலிருந்து எடுத்த பாலில் 30 விழுக்காட்டுக்குச் சற்று மேலாகத்தான் காய்ந்த ரப்பர், மீதி பெரும்பாலும் நீர். கூலி ரப்பருக்குத்தான். அந்த மிதவையைப் பார்த்துக் கணக்கு எழுதியவர் மேல் இருந்த சந்தேகம் மூன்று தலைமுறைக்கும் தீரவில்லை என்பதை, மெட்ரோலாக்கைக் கையில் வாங்கும்போது பாட்டிமார் முகத்திலேயே பார்க்கலாம்.

சனி

உறைந்த பாலை ரப்பர் ஷீட்டாக அடிக்கும் நாள். நேற்று எடுத்த பாலை நேற்றே உறைய வைத்தால்தான் இன்று மிஷினில் விட முடியும். அரை நாள் பயணத்தில் இதைக் காட்டவே முடியாது. ஒரே நாளில் எல்லாம் என்று விளம்பரம் கண்டால் முதல் நாள் தட்டை மாற்றி வைத்துக் காட்டுகிறார்கள் என்று பொருள். சொல்லிவிட்டு மாற்றினால் தப்பில்லை.

அளவுகள் இவை. வடிகட்டிய பால் 3 லிட்டர், சுத்தமான தண்ணீர் 2 லிட்டர், ஒரு தட்டு. ஃபார்மிக் அமிலம் 4 அல்லது 5 மில்லிலிட்டர் போதும். அதைக் கால் லிட்டர் தண்ணீரில் கலந்து, கலந்ததைப் பாலில் ஊற்ற வேண்டும். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கலக்கியதும் மேலே வரும் நுரையைத் தகட்டால் வழித்து எடுத்துவிட வேண்டும், விட்டால் ஷீட்டில் குமிழ் விழும், தரம் இறங்கும். அமிலம் கூடினால் கட்டி இறுகி மிஷினில் ஓடாது, குறைந்தால் காலையிலும் பால் தட்டில் ஆடிக்கொண்டிருக்கும். தூசி விழாமல் மூடி வைக்க வேண்டும்.

காலையில் கட்டியைக் கையால் அழுத்தித் தட்டையாக்கி, வழுவழு உருளையில் இரண்டு மூன்று தடவை விட்டு 3 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து, கடைசியில் வரி உருளையில் ஒரு தடவை. வரி அழகுக்கு இல்லை. பரப்பு கூடினால் ஷீட் சீக்கிரம் காயும், அடுக்கும்போது ஒட்டாது. பிறகு நிழலில் சொட்டவிட்டுப் புகைக்கூண்டில் 50, 60 பாகை வெப்பத்தில் நாலைந்து நாள். புகைக்கூண்டு இங்கே இடிந்துவிட்டது. சுவர் மட்டும் நிற்கிறது, உள்ளே மூச்சு இழுத்தால் புகை வாடை இன்னும் அடிக்கிறது. மிஷினில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் நிற்கலாம். துப்பட்டா, நீளக்கை, விரித்த கூந்தல் கூடாது. கைப்பிடியைச் சுற்றுகிறவர் தோட்டத்து ஆளாக இருக்க வேண்டும். கட்டியைச் செலுத்துகிறவரே சுற்றினால் விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்க மாட்டார்.

பத்து மணிக்குப் பசியாறல், ஜப்பான்காரன் ஆண்ட பஞ்ச காலத்து மரவள்ளி. 12 பேருக்குத் தோலோடு 4 கிலோ. அன்று காலை பிடுங்கியதாக இருக்க வேண்டும், இரண்டு நாள் ஆனால் உள்ளே கருநீலக் கோடு விழும். மேல்தோலோடு உள்தோலையும் சேர்த்து உரித்து, விரல் நீளத்துக்கு நறுக்கி, மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கிழங்கில் உள்ள நச்சு அதோடு போகும். தொட்டுக்கொள்ள நெத்திலிச் சம்பால்: காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பெலாச்சான் (இறால் விழுது), புளி. பஞ்ச காலத்தில் சம்பால் ஏது என்று கேட்டால், "அப்ப உப்புக்கே வழியில்ல தம்பி, நீங்க சாப்பிடணுமே" என்கிறார்கள் அக்காமார். சமைக்கிற மூன்று பேரும் சுகாதாரத் துறையின் உணவு கையாளுவோர் பயிற்சி முடித்து, டைஃபாய்டு ஊசி போட்டவர்கள். இந்த இரண்டும் இல்லாமல் வெளியாளுக்குச் சமைத்துப் போடத் தொடங்காதீர்கள். ஒருவருக்கு வயிறு கலங்கினால் ஏற்பாடே முடிந்தது.

லயத்தைச் சுற்றும் நடை ஒரு மணி நேரம். பழைய லயத்து அறை ஏறக்குறைய 10க்கு 12 அடி, முன்னால் திண்ணை, பின்னால் அடுப்படி. ஆயாக்கொட்டகை (குழந்தைக் காப்பகம்) இருந்த இடம், கள்ளுக்கடை இருந்த இடம், அவசரகாலத்தில் லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து முள்வேலி போட்டபோது வாசல் இருந்த இடம். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று சொன்ன ஆங்கிலேயர் காலச் சட்டத்தால் முளைத்த பள்ளியின் அஸ்திவாரமும் இருக்கிறது. குடியிருக்கும் வீடுகளுக்குள் நுழைவதில்லை. ஆளில்லாத ஒரு வீட்டைத் திறந்து அதில் தகரப் பெட்டி, அம்மி, உளி, செக்ரோல் தாள், படங்கள் வைத்திருக்கிறார்கள்.

படங்கள் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். இங்கே பாதிப் படங்களுக்கு லேமினேட் போட்டுவிட்டார்கள். பாதுகாப்பதாக நினைத்துச் செய்தது, ஆனால் சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது, உள்ளே சிக்கிய ஈரம் பூஞ்சணமாகிறது. மூலப்படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, அமிலமில்லாத காகித உறையில், மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். சுவரில் பிரதியை மாட்டுங்கள். பின்பக்கம் மென்பென்சிலால் யார், தோட்டத்தின் எந்த டிவிசன் (பிரிவு), ஏறக்குறைய எந்த ஆண்டு என்று எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வரும். காட்ட அனுமதி கொடுத்த குடும்பம் எது என்பதையும் தனிப் பட்டியலில் குறிக்க வேண்டும். ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்கு 1942, 43இல் பிடித்துப் போகப்பட்டவர்களின் படங்கள் இரண்டு இருக்கின்றன. குடும்பம் சொல்லக் கேட்டதை மட்டும் சொல்கிறார்கள், அழவைக்கும்படி கேள்வி கேட்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

ஞாயிறு

கோயில். இதில்தான் கருத்து வேறுபாடு அதிகம்.

கங்காணி தன் ஊரிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் ஆள் சேர்த்தார். 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை இப்படித்தான் ஆள் வந்தது. அதனால் ஒரே லயத்தில் ஒரே ஊர்க்காரர்கள், அவர்களோடு அவர்களின் சாமி. ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் கொண்டுவந்து மரத்தடியில் வைத்து, கல் நட்டு, பிறகு தகரக் கூரை, பிறகு கட்டடம். மாரியம்மன் லயத்துக்கு நடுவில், முனியாண்டி எல்லையில். ஆலமரத்தடி முனியாண்டிக்குச் சுருட்டு, சாராயம், கிடா, சேவல். வெளியாட்கள் வருகிறார்கள் என்றதும் கோயில் கமிட்டியில் சிலர் சுருட்டையும் பாட்டிலையும் எடுத்து ஒளித்து வைக்கச் சொன்னார்கள். எல்லைச் சாமிக்கு வண்ணக் கோபுரம் கட்டிவிடலாம் என்றும் பேச்சு. பாட்டிமார் விடவில்லை. விடாதது நல்லது. பார்க்க வருகிறவர் முகம் சுளிப்பாரோ என்று சாமியை மாற்றத் தொடங்கினால், கடைசியில் எந்த ஊரிலும் பார்க்கக்கூடிய கோயில் ஒன்றுதான் மிஞ்சும்.

வருகிறவர்களுக்கான முறை எளிது. செருப்பு வேலிக்கு வெளியே. அன்று அசைவம் சாப்பிட்டவர்கள் மாரியம்மன் பக்கம் போகாமல் முனியாண்டி பக்கம் போகலாம். சாமி வந்து ஆடுகிறவரை யாரும் படம் எடுக்கக் கூடாது. அவர் தெளிந்த பிறகு அவரிடமே கேட்டுத்தான் எதையும் வெளியிடலாம், அந்த நேரத்தில் அவரால் சம்மதம் சொல்ல முடியாது. திருவிழாவில் காப்புக் கட்டிய பிறகு தோட்டத்துக்குள் குழு எடுப்பதில்லை. வெளியாட்கள் திருவிழாவைத்தான் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்பது தெரிந்தே எடுத்த முடிவு. தீமிதி அன்று விருந்தாளியைக் கவனிக்க ஆள் நின்றால் பூக்குழியைக் கவனிக்க ஆள் குறையும்.

உருமி மேளம் தனியாக ஏற்பாடு. பையன்கள் வாசிக்கிறார்கள். உருமியின் ஒரு முகத்தில் நேர்க்குச்சியால் அடி, மறுமுகத்தில் வளைந்த குச்சியால் தேய்ப்பு. அந்தத் தேய்ப்பில்தான் உறுமல் வரும். குச்சியை அழுத்தித் தோலின் மேல் இழுக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் கீச்சென்று கத்தும், கூடினால் நின்றுவிடும். மழைக்கால ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும், வாசிக்குமுன் சூடு காட்டுகிறார்கள். பையன்கள் சினிமாப் பாட்டு மெட்டையும் கலந்து அடிக்கிறார்கள். பெரியவர்களுக்கு வருத்தம். அப்படியாவது வாசிக்கட்டும் என்பது இந்தக் குறிப்பை எழுதுகிறவரின் கட்சி.

திங்கள்

லிந்தாங்கைத் தாண்டி பிளஸ் ஆற்றுப் பக்கம் தெமியார் என்ற பூர்வகுடிகளின் கம்பங்கள். தோட்டத்துப் பெரியவர்களுக்கு அவர்கள் பழைய அண்டை வீட்டார், பெத்தாய் என்ற காட்டு அவரையும் தேனும் மூங்கிலும் அங்கிருந்து வரும். இது தோட்டத்தார் நடத்தும் பயணம் இல்லை, நடத்தவும் கூடாது. கம்பத்துத் தலைவரிடம் முதலில் கேட்டு, பூர்வகுடி மேம்பாட்டுத் துறையான ஜாக்கோவாவுக்கும் எழுதி அனுமதி பெற்று, அவர்கள் சொல்லும் நாளில், அவர்கள் வண்டியில் போக வேண்டும். மழைக்குப் பிறகு நாலு சக்கர இழுவை வண்டியே சறுக்கும் பாதை.

எல்லாரும் கேட்பது செவாங் ஆட்டம். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, நீளமும் குட்டையுமான மூங்கில் குழாய் இரண்டிரண்டாகப் பிடித்துக் கட்டையில் குத்துகிறார்கள். ஒருவர் ஓர் அடி பாட, மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடுகிறார்கள். பாட்டு கனவில் ஒருவருக்குக் கிடைத்ததாகக் கருதப்படும், யாருக்குக் கிடைத்ததோ அது அவர் பாட்டு. நோய் தீர்க்க நடக்கும் செவாங் இரவில், விளக்கணைத்து, மணிக்கணக்காக நடக்கும். பகலில் இருபது நிமிடம் விருந்தாளிக்குக் காட்டுவது வேறு. அவர்களே அதை வேறாக வைத்திருக்கிறார்கள், வேறு பாட்டுப் பாடுகிறார்கள். ஒளிப்பதிவு செய்யலாமா என்பதற்குப் பாட்டுக்காரர் பதில் சொல்லும்வரை போனைப் பையில் வையுங்கள்.

கைவினை வாங்கினால் பேரம் வேண்டாம். தாழை ஓலைப் பாய்க்கு முள் சீவி, வாட்டி, ஊறவைத்து, காயவைத்து, ஒரே அகலத்தில் கிழித்த பிறகுதான் பின்னல் தொடங்கும். விலையில் பெரும்பகுதி அந்த முன்வேலைக்கு. பாதி விலைக்குக் கேட்டால் அடுத்த முறை ஓலைக்குப் பதில் பிளாஸ்டிக் நாடாவில்தான் பின்னுவார்கள், பல இடங்களில் அப்படி ஆகிவிட்டது.

1954ஆம் ஆண்டுப் பூர்வகுடிகள் சட்டத்தில் அவர்களுக்குக் காப்பு உண்டு. ஆனால் காலடி நிலத்துக்குப் பட்டா பெரும்பாலும் இல்லை. லயத்துக்காரருக்கும் இல்லை. இரண்டு இடத்திலும் கண்காட்சி, பெயர்ப்பலகை, நிரந்தரக் கட்டடம் என்று திட்டம் போடுகிற வெளியாட்கள் இதைக் கேட்காமலேயே போய்விடுகிறார்கள். தூக்கிக்கொண்டு போகக்கூடியதாக எதைச் செய்தாலும் செய்யுங்கள் என்பதுதான் இங்குள்ளவர்கள் கற்றது. படங்கள் வைத்திருக்கும் அந்த லயத்து வீட்டில் உள்ள பொருளெல்லாம் ஒரு லோரியில் ஏறும்.

செவ்வாய்

காலையில் கோலாகங்சார், 20 கிலோமீட்டர். மாவட்ட அலுவலகப் பக்கம் வேலி போட்ட பழைய ரப்பர் மரம் ஒன்று நிற்கிறது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் 9 இங்கே பேராக்கின் ஆங்கிலேய ரெசிடென்ட் ஹியூ லோ காலத்தில் நடப்பட்டன, அவற்றில் மிஞ்சியது இது என்கிறது பலகை. பத்து நிமிடம் போதும். மரத்தைச் சேதப்படுத்தாமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் வெட்டு முறையை 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு இயக்குநராக வந்த ரிட்லிதான் பின்னால் வகுத்தார். வெள்ளிக்கிழமை நிரையில் நின்றவர்களுக்கு அந்தப் பெயர் புரியும்.

மாலையில் கணக்கு. எல்லாருக்கும் முன்னால், திண்ணையில், பெரிய நோட்டில். ஒருவருக்கு 100 ரிங்கிட்: வெட்டுக்கும் ஷீட்டுக்கும் 15, சமையல் 25, கதை சொல்கிறவர்களுக்கு 10, வேன் 15, வழிகாட்டி 20, கோயில் 5, பொது நிதி 10. 12 பேர் வந்தால் வேனுக்கு 180, வழிகாட்டிக்கு 240. இந்த இரண்டும் ஆள் குறைந்தாலும் குறையாது. 10 பேர் வந்தால் பொது நிதிக்கு 30 ரிங்கிட்தான் மிஞ்சும், 9 பேர் என்றால் 15 ரிங்கிட் கைக்காசு. அதனால் 10 பேர் சேராத வாரத்தில் பயணமே இல்லை. சமையலுக்கு வந்த 300இல் சாமான் போக மீதியை மூன்று பேரும் சமமாகப் பிரித்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். முன்பு சமையல் காசு கோயில் கமிட்டி வழியாகப் போய்க்கொண்டிருந்தது. பெண்களுக்கு ஒரு சேலையும் ஒரு நன்றியும் கிடைத்தன. நோட்டுத் திண்ணைக்கு வந்த பிறகுதான் அது மாறியது. இதுபோன்ற ஏற்பாடு செய்ய நினைக்கிற தோட்டங்கள் எதைப் பார்த்து எழுதாவிட்டாலும் இந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் தீராமல் நிற்கிறது. பதிவு செய்யும் போன் ஒரே ஒருவர் கையில் இருக்கிறது. அவர் நல்லவர், படித்தவர், ஈப்போவில் வேலை. ஆனால் நாள் குறிப்பது அவர். சனிக்கிழமை வேண்டும் என்று ஒரு பெரிய குழு கேட்டால் சரி என்று சொல்லிவிடுகிறார், அன்று வெட்டு நாளா இல்லையா என்பது நிரையில் இருப்பவருக்குத்தான் தெரியும். போனை மாதம் ஒருவராக மாற்றலாம் என்றார்கள். வெட்டு நாட்காட்டியை அச்சடித்துப் போன்காரரிடம் கொடுக்கலாம் என்றார்கள். இரண்டாவது எளிது, முதலாவதுதான் நிற்கும். முடிவு வரவில்லை.

மரங்களில் இலை மஞ்சளாகத் தொடங்கிவிட்டது. இலையுதிர்ந்து புது இலை முற்றும்வரை உளி ஓய்வு. மார்ச் கடைசி வரை குழு எடுக்க மாட்டார்கள். ஏப்ரலில் வர நினைப்பவர்கள் இப்போதே எழுதுங்கள், ஆள் எண்ணிக்கையோடு, அடையாள அட்டை எண்ணோடு. எந்த நாள் என்பதை அவர்கள் சொல்வார்கள்.